உஷார்! கப்பல் ஒன்றுதான், பயணம் ஒன்றல்ல

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீடுகளுக்குள் மூன்று மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது. காரணம், ஒரு கப்பல்.

இரண்டாம் மாடி மாமியும் அவர் வீட்டுக்காரரும் மத்தியதரைக்கடலில் ஏழு இரவு சுற்றிவிட்டு வந்தார்கள். நான்காம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளரும் மனைவியும் அதே கப்பலில், அதே வாரம் போனார்கள். மாமியிடம் கேட்டால், "சொர்க்கம்டா அது. காலைல கதவைத் திறந்தா கடல். சாப்ட்டுட்டு வர்றதுக்குள்ள படுக்கையைத் தட்டிப் போட்டு, துண்டுல யானை செஞ்சு வச்சிருப்பான் அந்தப் பையன்" என்கிறார். பொறியாளரிடம் கேட்டால் பதில் சொல்வதில்லை, செல்போனை நீட்டுகிறார். பால்கனிக் கதவு நகரும் தடத்தில் வெற்றிலைச் சாறு வழிந்தது போலத் துரு. கார்ப்பெட்டில் ஒரு மேடு, அதில் அவர் மனைவி இரண்டு முறை தடுக்கியிருக்கிறார். குளியலறையில் கணுக்கால் நனையத் தேங்கிய தண்ணீர். கடைசிப் படம் வந்ததும்தான் வாயைத் திறப்பார்: "இதுக்குப் பேரு லக்ஷுரியா சார்? தகர டப்பா!"

போன வாரம் ஏழாம் மாடிப் பையன் வந்தான். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கு முடிந்த கையோடு இரண்டு பேரையும் அதே கப்பலில் அனுப்பிவைக்க ஆசை. விமானம், விசா எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தொடுகிறது. "அங்கிள், மாமி சொல்றதை நம்பறதா, சார் சொல்றதை நம்பறதா?"

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். சிக்கலே அதுதான். ஒருவர் பொய் சொல்கிறார் என்றால் பிரச்சினை எளிது, அவரை விட்டுவிடலாம். இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நாம் செய்கிற தப்பு, இரண்டையும் கூட்டி வகுப்பது. ஒருத்தர் ஐந்து நட்சத்திரம், இன்னொருத்தர் ஒரு நட்சத்திரம், சராசரி மூன்று. ஆனால் அந்த மூன்று நட்சத்திரப் பயணத்தை அந்தக் கப்பலில் யாருமே போகவில்லையே!

எந்தக் கப்பல் என்று இங்கே எழுதப் போவதில்லை. இது அந்த ஒரு கப்பலின் கதையும் இல்லை. உலகமே பெயர் அறிந்த கப்பல்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம், எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும் என்பது தெரியும்.

குயின் மேரி 2. 2004 ஜனவரியில் இங்கிலாந்து ராணி எலிசபெத் பெயர் சூட்டிய கப்பல். பிரான்ஸின் சான் நசேர் கப்பல்கட்டும் தளத்தில் உருவானது. குனார்ட் நிறுவனத்தின் பெருமை. இதில் நீங்கள் எந்த அறை எடுக்கிறீர்களோ, அதுதான் எந்த உணவுக்கூடத்தில் சாப்பிடுவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில் என்று மேல்தட்டு அறைக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டுக் கூடம், தனி லவுஞ்ச், தனி வெயில்முற்றம். மற்றவர்களுக்குப் பிரிட்டானியா என்ற பெரிய கூடம். அந்தக் காலத்து ரயிலில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு இருந்ததே, ஏறக்குறைய அதுதான். கிரில் அறையிலிருந்து வருகிறவர் "மேசைக்கே வந்து நெருப்பு மூட்டிச் சமைத்துக் கொடுத்தார்கள்" என்பார். பிரிட்டானியாக்காரர் "கூட்டம், சத்தம், முதல் பந்தி இரண்டாம் பந்தி" என்பார். இரண்டும் ஒரே ராத்திரி, ஒரே கப்பலில் நடந்தது.

சரி, வகுப்பு ஒன்றாக இருந்தால் கருத்தும் ஒன்றாக இருக்குமா? இருக்காது. அதே கப்பலில் எட்டாவது தளத்தில் பால்கனி அறைகள் சிலவற்றுக்கு முன்னால் உயிர்காப்புப் படகுகள் தொங்குகின்றன. பால்கனிக்குக் காசு கொடுத்தவர் காலையில் எழுந்து பார்த்தால் எதிரே ஆரஞ்சு நிறப் படகின் முதுகு. இன்னும் கீழ்த்தளங்களில் கப்பலின் இரும்பு உடம்பைக் குடைந்து பால்கனி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும் அட்லாண்டிக்கில் அது பாதுகாப்புதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னால் இரும்புச் சுவர், கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். விற்கும்போது எல்லாவற்றுக்கும் பெயர் "பால்கனி அறை". படகு மறைக்கும் அறை என்று பட்டியலில் குறிப்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் குறிப்பை நம் ஏஜெண்ட் நமக்குப் படித்துக் காட்டினாரா என்பதுதான் கேள்வி.

நம் பொறியாளர் கதைக்கு வருகிறேன். அவருடைய அறைக்கு நேர் மேலே பஃபே கூடம். விடிய நாலரைக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் இடிபோல் கேட்குமாம். மாமியின் அறை கப்பலின் நடுவே, மேலும் கீழும் வெறும் அறைகள். மாமி கொடுத்த காசு கூடுதலா என்றால், கூடுதல்தான். ஆனால் பாதிக்குப் பாதி இல்லை, தலைக்கு இருபதாயிரம் சொச்சம். பொறியாளர் எடுத்தது "உத்தரவாத அறை" என்ற மலிவுத் திட்டம். அதாவது வகை மட்டும் நிச்சயம், எந்த அறை என்று கப்பல்காரர்கள் தீர்மானிப்பார்கள். யாரும் தேர்ந்தெடுக்காமல் மிச்சம் கிடக்கும் அறைகள்தான் இந்தத் திட்டத்தில் போய்ச் சேரும். அவை ஏன் மிச்சம் கிடந்தன என்று யோசித்தாலே போதும். இருபதாயிரம் மிச்சம் பிடித்த கணக்கை அவரிடம் ஞாபகப்படுத்த எனக்குத் தைரியமில்லை.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு "கிராஸ் டன்" என்று ஒரு எண் உண்டு. டன் என்றதும் எடை என்று நினைக்கிறோம். அது எடையல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் கொள்ளளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். குயின் மேரி 2 ஏறக்குறைய 1,49,000 டன், அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் சுமார் 2,690 பேர். வகுத்தால் 55. 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன், அதே கணக்கில் 5,610 பேர். வகுத்தால் 44. சில்வர்சீ நிறுவனத்தின் 'சில்வர் ஷேடோ' சின்னக் கப்பல், 28,258 டன்தான், ஆனால் ஏறுவது 382 பேர். வகுத்தால் 74. பெரிய கப்பலில்தான் காற்றோட்டமாக இருக்கும் என்பது நம் ஊர்க் கல்யாண மண்டபக் கணக்கு. மண்டபம் பெரிதாக இருந்து என்ன, பத்திரிகை எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்பதல்லவா பந்தியில் தெரிகிறது! விளம்பரத்தில் "லக்ஷுரி" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதைத் தட்டிக் கேட்க அதிகாரி கிடையாது. இந்த வகுத்தல் பொய் சொல்லாது.

அடுத்து, கப்பலின் வயது. ரசனைக்குப் போகிற பழி பாதிக்கு மேல் வயதுக்குப் போக வேண்டியது. உப்புக் காற்றில் இரும்பு நாள்தோறும் தேய்கிறது. பயணிகள் கப்பல் ஐந்து ஆண்டுக்குள் குறைந்தது இரண்டு முறை அடிப்பகுதியைப் பரிசோதிக்கக் கொடுத்தாக வேண்டும். அதற்காக உலர்துறையில் ஏற்றும்போதுதான் கார்ப்பெட், மெத்தை, குழாய், பெயிண்ட் எல்லாம் மாற்றுவார்கள். துறைக்குப் போவதற்கு முந்தைய மாதங்களில் ஏறியவர் பழைய கிழிசலைப் பார்ப்பார், வெளியே வந்து இரண்டு மாதம் கழித்து ஏறியவர் புது மணப்பெண்ணைப் பார்ப்பார். குயின் மேரி 2 இப்படி 2016ல் ஹாம்பர்க்கில் பெரிய வேலைக்குப் போனது. பயணிகள் ஓயாமல் குறைசொன்ன கிங்ஸ் கோர்ட் என்ற பஃபே கூடத்தின் அமைப்பையே மாற்றினார்கள். ஆக, அதற்கு முன் போனவர் அந்தக் கூடத்தைத் திட்டுவது இன்று செல்லாது. ஆனால் அதே வேலையில் புதிதாகச் சுமார் ஐம்பது அறைகளையும் சேர்த்தார்கள். புதுப்பிப்பு என்றால் அழகு கூடுவது மட்டுமில்லை, பந்தியில் இலையும் கூடும்.

துறையிலிருந்து வெளியே வந்த உடனே ஏறுவதும் புத்திசாலித்தனம் இல்லை. வேலை முடியாமல் மேஸ்திரிகளோடு கிளம்பும் கப்பல்கள் உண்டு. 2018 மார்ச்சில் 'நார்வீஜியன் சன்' கப்பல் பனாமா கால்வாய் வழியே போன பயணத்தில், பயணிகள் நாற்காலி போட்டுக் கடல் பார்க்கும் இடத்திலேயே உலோகத்தைத் தேய்த்தார்கள், தூசி, ரசாயன வாடை என்று ரகளையானது. முகமூடி போட்ட தொழிலாளிகளுக்குப் பக்கத்தில் முகமூடி போடாத பயணிகள்.

பெயரிலும் உஷார். 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் ட்ரையம்ஃப்' கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. மின்சாரம் போனது, கழிவறைகள் நின்றன, 4,200க்கு மேற்பட்டவர்கள் நான்கு நாள் நடுக்கடலில் நாற்றத்தில் கிடந்தார்கள். இழுவைப் படகுகள் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டிய கப்பல். 2019ல் பெருஞ்செலவில் புதுப்பித்து, 'கார்னிவல் சன்ரைஸ்' என்று பெயர் மாற்றினார்கள். புதுப்பித்த பிறகு அது நல்ல கப்பலாகவே இருக்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சன்ரைஸ் என்ற பெயரில் தேடுகிறவருக்கு ட்ரையம்ஃப் கதை கண்ணில் படாது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், 2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. "புதுக் கப்பல் வந்திருக்கு" என்று ஊரே பேசியது. அது 1990ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல். பிறகு 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்', நடுவில் ஸ்பானிய நிறுவனத்தில் சில ஆண்டு, திரும்பவும் பழைய பெயர், அதன் பிறகுதான் நம்மிடம் வந்தது. குயின் மேரி 2 பிறந்த அதே சான் நசேர் தளத்தில் பதினான்கு ஆண்டு முன்பு பிறந்த அக்கா என்றும் சொல்லலாம். 48,563 டன்னைச் சுமார் 1,600 பேரால் வகுத்தால் முப்பதுதான் வரும். இதைத் தெரிந்து ஏறியவர் "இந்த விலைக்கு, இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். குயின் மேரியை நினைத்துக்கொண்டு ஏறியவர் முகம் சுளித்தார்.

பெயர் எத்தனை முறை மாறினாலும் மாறாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் பிறக்கும்போதே ஏழு இலக்கத்தில் ஐ.எம்.ஓ. எண் கொடுத்துவிடுகிறார்கள், உடைக்கும் வரைக்கும் அதுதான். காருக்குச் சேசிஸ் எண் மாதிரி. பழைய மாருதி வாங்கும்போது சேசிஸ் எண்ணைத் தடவிப் பார்க்கிற நாம், ஐந்து லட்ச ரூபாய்ப் பயணத்துக்கு அந்த ஏழு இலக்கத்தை ஒரு தடவை கேட்கக் கூடாதா?

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற குறை. எனக்குப் பயம் தருவது கண்ணுக்குத் தெரியாதது.

மேலே 74 என்று மார்க் வாங்கிய சில்வர் ஷேடோவை நினைவில் வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு அறைக்கும் ஒரு பட்லர். பயணிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கப்பல். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சமையலறையைச் சோதிக்கும். நூறு மதிப்பெண், 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஃபெயில். 2013 ஜூனில் அலாஸ்காவின் ஸ்காக்வேயில் சில்வர் ஷேடோவில் ஏறினார்கள். சமையலறையோடு நிற்காமல் ஊழியர்கள் தூங்கும் அறைகளுக்கும் போனார்கள். அங்கே பதினைந்துக்கு மேற்பட்ட தள்ளுவண்டிகள். பச்சை இறைச்சி, பால், பாலாடைக்கட்டி, முட்டை, சமைத்த பதார்த்தம், பாத்திரம் பண்டம் எல்லாம் அதிகாரிகள் கண்ணில் படாமலிருக்க, இரண்டு மூன்று பேர் படுக்கும் அறைகளுக்குள் தள்ளி ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. குளிரூட்டி இல்லாத அறைக்குள் பச்சை இறைச்சி! மதிப்பெண் 82.

அந்தச் சமயம் மேலே உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பயணியிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "சேவை அற்புதம்" என்றுதான். அவர் பார்த்த வரைக்கும் அது சத்தியம். வெள்ளை மேசைவிரிப்பு, பளபளக்கும் கரண்டி, பெயர் சொல்லிக் கூப்பிடும் பரிமாறுபவர். பின்கதவுக்கு அப்பால் நடப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லப் பயணிக்கு வழியே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், சுத்தத்தைப் பற்றி எந்தப் பயணி புகழ்ந்தாலும் திட்டினாலும் அதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.சி.யின் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன, காசு கிடையாது. அமெரிக்காவுக்குப் போகாத கப்பலுக்கு இது உதவாது. ஆனால் நிறைய கப்பல்கள் கோடையில் ஐரோப்பா, குளிர்காலத்தில் கரீபியன் என்று இடம் மாறுகிறவை, பழைய மார்க் ஷீட் கிடைக்கும்.

நோரோ வைரஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கூட வாசலில் கையில் பீய்ச்சுகிற ஜெல் அந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. வாந்தி வந்தவரை அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்பதால் பலர் மறைக்கிறார்கள், மறைத்தவர் தொட்ட கரண்டியை அடுத்து நாம் தொடுகிறோம்.

துண்டு யானைக்கு வருவோம். பல கப்பல்களைப் பற்றிய பாராட்டையும் வசையையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பட்டது. பாராட்டு பெரும்பாலும் மனிதர்களுக்குப் போகிறது, வசை குழாய்க்கும் கார்ப்பெட்டுக்கும் போகிறது. மாமி புகழ்ந்தது அந்தப் பையனை. பொறியாளர் படம் பிடித்தது இரும்பை. அந்தப் பையன் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ, பிலிப்பைன்ஸிலிருந்தோ, இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவன். ஆறேழு மாதம் ஒப்பந்தம், நடுவில் முழு நாள் விடுமுறை என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. 2006ல் வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவனுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்கிறது. திருப்பிப் படித்தால் 14 மணி வரை வேலை. அந்தக் களைப்பிலும் துண்டை மடித்துத் தும்பிக்கை செய்கிறான் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் தும்பிக்கையைப் பார்த்துக் குழாயின் வயதைச் சொல்ல முடியாது. நிர்வாகம் பழுதுபார்ப்பதை ஒத்திப்போட்டுவிட்டு, அந்தப் பையனின் சிரிப்பால் மூடி மறைக்கிற கப்பல்களும் இருக்கின்றன.

இனி காகிதத்துக்கு வருவோம், சண்டை வந்தால் கையில் மிஞ்சப்போவது அதுதான்.

2006 ஜனவரியில் குயின் மேரி 2 நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்கா சுற்றக் கிளம்பியது. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலை விட்டு வெளியே வரும்போது கால்வாய்க் கரையில் உரசி, நான்கு உந்துவிசைப் பொறிகளில் ஒன்று கெட்டது. வேகம் குறைந்தது. நேரத்தைப் பிடிக்க, கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் நிற்க வேண்டிய துறைமுகங்களை விட்டுவிட்டு நேராக ரியோ போவதாக அறிவித்தார்கள். பாதிப் பணம் திருப்பித் தருகிறோம் என்றது நிறுவனம். பயணிகள் ரியோவில் இறங்க மாட்டோம், உட்கார்ந்து மறியல் செய்வோம் என்றார்கள். டெயில்கோட்டும் முத்து மாலையுமாக மறியல்! கடைசியில் முழுப் பணத்தையும் தந்தார்கள். உலகமே கேமராவோடு ரியோவில் காத்திருந்ததால் தந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். டிக்கெட்டின் பின்னால் இருக்கும் ஒப்பந்தத்தைப் படித்தால், துறைமுகத்தை மாற்றவோ விடவோ நிறுவனத்துக்கு உரிமை என்று அநேகமாக எல்லாக் கப்பல்களிலும் எழுதியிருக்கிறது. சென்னையிலிருந்து போன எம்ப்ரஸும் 2022 ஜூனில் சூதாட்டக் கூடத்தைக் காரணம் காட்டிப் புதுச்சேரி அனுமதி மறுத்ததால் அங்கே பயணிகளை இறக்க முடியாமல் திரும்பியது. "பாண்டிச்சேரி பார்க்கத்தானே வந்தோம்" என்று கேட்டுப் பயனில்லை.

வழக்குப் போடலாமே என்பீர்கள். எங்கே? வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் லாஸ் ஏஞ்சலிஸில் கப்பல் ஏறினார்கள். மெக்சிகோ அருகே சமையலறையைச் சுற்றிக் காட்டும்போது மிதியடி வழுக்கி அந்த அம்மா விழுந்தார். சொந்த ஊரில் வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டின் பொடி எழுத்தில் "வழக்கு என்றால் ஃப்ளோரிடாவில்தான்" என்று இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991ல் அந்தப் பொடி எழுத்து செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவின் ஒரு மூலையிலிருப்பவரையே மறு மூலைக்குப் போகச் சொன்னார்கள். நாம் குரோம்பேட்டையிலிருந்து போக வேண்டும். கப்பலின் கொடியும் பஹாமாஸ், பனாமா, மால்டா என்று எங்கோ இருக்கும். குயின் மேரி 2 கூட 2011ல் சவுத்தாம்ப்டனை விட்டு பெர்முடாவில் பதிந்துகொண்டது. கப்பலில் கல்யாணம் நடத்த அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று.

இதைவிடப் பெரிய இடி, கம்பெனியே கவிழ்வது. கிரிஸ்டல் குரூஸஸ் என்றால் சொகுசுக்கு மறுபெயர். பயண இதழ்களில் வாசகர்கள் ஆண்டாண்டாகத் தூக்கி வைத்த பெயர். அதன் தாய் நிறுவனமான கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவாலானது. 'கிரிஸ்டல் சிம்பனி' பயணிகளோடு மியாமிக்கு வந்துகொண்டிருந்தது. எரிபொருள் கொடுத்த நிறுவனம் பாக்கிக்காக வழக்குப் போட்டு, கப்பலைப் பிடிக்க அமெரிக்க நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்கியது. கப்பல் மியாமிக்கு வராமல் பஹாமாஸின் பிமினி தீவுக்குத் திரும்பிவிட்டது. பயணிகளை வேறு படகில் ஏற்றி ஃப்ளோரிடாவில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கப்பலைப் பற்றி அதுவரை வந்த ஐந்து நட்சத்திரம் ஒன்றுகூடப் பொய்யில்லை. டீசல் பாக்கி இருக்கிறதா என்று எந்தப் பயணி கேட்பார்? (அந்தக் கப்பல்களைப் பிறகு வேறு குழுமம் வாங்கி 2023ல் மறுபடி ஓடவிட்டது.) முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள் என்று நான் அந்தப் பையனை நச்சரிப்பது இதனால்தான். ஏஜெண்ட் கையில் ரொக்கமாகக் கொடுத்தால், கப்பல் போகாவிட்டால் ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பில்லும் இரண்டு விதக் கருத்தைப் பெற்றுப்போடும். எல்லாம் அடக்கம் என்று நினைத்து ஏறியவர் கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் செருகியிருக்கும் காகிதத்தைப் பார்த்துக் கொதிப்பார். சேவைக் கட்டணம் என்று தலைக்கு நாளுக்கு இத்தனை டாலர் தானாக ஏறிக்கொண்டிருக்கும். 17 டாலர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு ஏழு நாளில் 238 டாலர், இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். தண்ணீர் பாட்டில், காப்பி, வைஃபை தனி. கப்பல் மருத்துவர் கைபிடித்துப் பார்த்தாலே காசு, அதனால் கடல் பயணத்தையும் சேர்த்துக் காக்கும் காப்பீடு இல்லாமல் அறுபது வயதுக்காரர்களை ஏற்றிவிடாதீர்கள். செல்போனை ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த டவரைப் பிடித்துக்கொண்டால் பேரனின் ஒரு வீடியோவுக்குச் சம்பளம் போய்விடும்.

விசா இன்னொரு கண்ணி. இத்தாலியில் ஏறி, துருக்கியில் ஒரு நாள் நின்று, திரும்பக் கிரீஸ் வரும் வழி என்றால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் ஏறவே விடமாட்டார்கள். அலாஸ்கா போகிறவர்களுக்கு வேறு வேடிக்கை. 1886ல் போட்ட ஓர் அமெரிக்கச் சட்டத்தால் வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்காவுக்குள்ளேயே ஆளேற்றிச் சுற்றி வர முடியாது, நடுவில் வேறு நாட்டைத் தொட வேண்டும். அதற்காகக் கனடாவில் ஒரு சாயங்காலம் நிறுத்துவார்கள். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் கையில் இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஏழாம் மாடிப் பையனிடம் சொன்னேன். பாதியில் அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப போகவே வேண்டாங்கறீங்களா அங்கிள்?"

"யாருப்பா வேண்டாம்னா? மாமி போன மாதிரி போகச் சொல்றேன். யார் கருத்துச் சொன்னாலும் எப்போ போனாங்க, எந்த டெக், எந்த வகை அறை, இதுக்கு முன்னால எந்தக் கப்பல்ல போயிருக்காங்கன்னு நாலு கேளு. அதைச் சொல்லாதவங்க கருத்தை எடுத்துக்காதே."

அங்கேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், அது ஃபைவ் ஸ்டார் ஷிப் சார். வேர்ல்ட் கிளாஸ்."

"கடைசியா எப்ப ட்ரை டாக் போச்சு?"

"சார்?"

"எங்கப்பா ரூமுக்கு மேல என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். "விசாரிச்சிட்டுக் கூப்பிடறேன் சார்."

நேற்று லிஃப்டில் பொறியாளரைப் பார்த்தேன். அடுத்த ஜனவரிக்கு மறுபடியும் கிளம்புகிறாராம். "தகர டப்பாலயா சார்?" என்றேன். சிரித்துவிட்டு, இந்தத் தடவை ஆறாவது டெக், நடுவில், மேலேயும் கீழேயும் அறைகள்தான் என்றார். இரண்டாம் மாடி வந்ததும், "மாமிக்குத் தெரிய வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்தினார்.